நெடுந்தீவில் ஒருவர் புளித்த பால் கேட்டார்

என் மாமனார் டோனல் நெடுந்தீவைப் பார்க்க ஆசைப்பட்டது ஒரு படத்தால்தான். அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா தன் வீட்டுப் பசு கன்று போட்டதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நான் கன்றைப் பார்த்தேன். அவர் கன்றுக்குப் பின்னால் இருந்த மதிலைப் பார்த்தார். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய, இடுப்பளவு உயரமான முருகைக்கல் மதில். போனை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் வீட்டு மதிலை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது?" என்று கேட்டார்.

அவர் பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு தீவில். மரமில்லாத தீவு. காணிக்குக் காணி இதே மாதிரிக் கல் மதில். பதினேழு வயதில் அதை விட்டுக் கால்வே நகரத்துக்கு வந்து, பால் சேகரிக்கும் லொறி ஓட்டி, நகரத்துப் பெண் ஒருத்தியைக் கட்டி, பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய மகன் ஈமனைத்தான் நான் கட்டினேன். மாமி இறந்த பிறகு மாமா எங்களோடு இருக்கிறார்.

ஈமனுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் ஓர்லா கோடை விடுமுறைக்கு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடைசியில் எழுபத்தாறு வயது மனிதரையும் அவருடைய மாத்திரைப் பையையும் கூட்டிக்கொண்டு நான் தனியாகப் புறப்பட்டேன். ஊர்காவற்றுறையில் பிறந்தவள்தான், ஆனால் கடல் என்றால் எனக்குப் பயம். சின்ன வயதில் யுத்தத்துக்குப் பயந்து வள்ளத்தில் ஏறிக் கடல் கடந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு கால்வேயில் கடற்கரைக்குப் போனாலும் மணலோடு நின்றுவிடுவேன்.

குறிகட்டுவான் துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. சோளகக் காலம், தென்மேற்குக் காற்று. நயினாதீவுக்குப் போகும் படகுப் பக்கம் வெள்ளை உடுத்த சனம் பூத்தட்டுகளோடு நின்றது. நெடுந்தீவுப் படகுப் பக்கம் காஸ் சிலிண்டர், கோழித் தீன் மூட்டை, பாண் பெட்டி, ஒரு புது மெத்தை. எங்களைக் கீழ்த்தட்டுக்குள் இறக்கினார்கள். தலை நிமிர்ந்து நிற்க ஏலாத இடம். டீசல் மணம்.

பாதிக் கடலில் இயந்திரம் நின்றது.

இரைச்சல் நின்றதும்தான் கடலின் சத்தம் கேட்டது. படகு மெல்லத் திரும்பி அலைக்கு விலாவைக் கொடுத்தது. ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் சரிந்து, யன்னல் முழுக்கத் தண்ணீராகி, பிறகு முழுக்க வானமானது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பையொன்றை விரித்துச் சத்தி எடுத்தாள். மேலே யாரோ சொன்னார்கள்:

"காத்தாடியிலை வலை சுத்திட்டுது. ஒருத்தரும் எழும்பாதேங்கோ."

நான் மாமாவின் முழங்கையைப் பிடித்தேன். விரல் பதியும்படி பிடித்திருப்பேன் போலிருக்கிறது, மாலையில் அந்த இடம் கன்றிப்போய் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து, தாளை உரித்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல என் வாயில் வைத்தார்.

"இது நல்ல படகு," என்றார். "சத்தம் போடுகிற பலகை உடையாது. சத்தம் போடாத பலகைக்குத்தான் பயப்பட வேண்டும்."

படகுக்காரர் ஒருவர் கத்தியோடு கடலுக்குள் குதித்து, இயந்திரக் காத்தாடியில் சுற்றிய வலையை அறுத்தார். இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. நெடுந்தீவு இறங்குதுறையில் கரையேறினோம். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீவைப் பார்த்தார். தட்டையான நிலம். பனை. மதில். மதில். மதில்.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மாடு வளர்ப்பவர், பேச்சு குறைவு. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு கதிரையைக் கட்டி வைத்து மாமாவை அதில் ஏற்றினார். வழி முழுக்க மாமா ஒவ்வொரு மதிலையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். "எங்களுடையது சுண்ணாம்புக் கல். இது பவளம். அடுக்கு மட்டும் ஒன்றே," என்றார்.

இரண்டாம் நாள் நன்றாகவே போனது. விடியற்காலையில் அத்தான் பால் கறக்கும்போது மாமா போய்ப் பக்கத்தில் நின்றார். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது. ஆனாலும் பசுவின் மடியைப் பற்றி இருவரும் தலையாட்டிப் பேசிக்கொண்டார்கள். காலைக்குப் பிட்டும் மீன் சொதியும். மத்தியானம் கணவாய்க் கறி. பின்னேரம் ஒடியல் கூழ். கூழில் மிதந்த நண்டுக் காலை எடுத்து உறிஞ்சிய மாமா, இதை அவர்கள் ஊர் மதுச்சாலையில் விற்றால் பணக்காரராகலாம் என்றார். அக்கா ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். தண்ணீர் போத்தலில் வந்தது. தயிரை அவர் கண்ணிலேயே காட்டவில்லை.

"வெள்ளைக்காரற்றை வயித்துக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாது. ஏதும் வந்துதெண்டால் கடல் கடந்தெல்லோ கொண்டுபோகோணும்," என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் காலை தேநீர் குடித்துவிட்டு மாமா வாசலுக்குப் போனார். நானும் அக்காவும் குசினிக்குள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். மனிதர் வழக்கம்போல மதிலைத் தடவிக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். கிழங்கை அவித்து, சம்பலும் இடித்து, கூப்பிட்டபோது வாசலில் யாரும் இல்லை. தொப்பி கதிரையில் கிடந்தது.

முதலில் சிரித்துக்கொண்டுதான் தேடினோம். பிறகு சிரிப்பு நின்றது. அந்தத் தீவில் ஆளைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒழுங்கைக்கு இரு பக்கமும் மதில். அது முடியும் இடத்தில் இன்னொரு ஒழுங்கை, அதே மதில். திரும்பிப் பார்த்தால் வந்த வழியும் போகிற வழியும் ஒன்றாகத் தெரியும். "மாமா" என்று கத்தினேன். காற்று என் குரலை வாயிலேயே வாங்கிக்கொண்டது. சைக்கிளில் வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"வெள்ளை ஐயாவோ? குதிரையள் நிக்கிற பக்கம் போனவர். அப்பவே போனவர், தங்கச்சி."

அத்தான் லாண்ட்மாஸ்டரை எடுத்தார். நான் பெட்டியில் நின்றபடி பார்த்துக்கொண்டு போனேன். தீவில் தம்போக்கில் திரியும் கட்டையான குதிரைகள் வெயிலில் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரு மதிலடியில் நீல நிறச் சட்டை தெரிந்தது. உச்சி வெயிலில் மதிலுக்கு நிழல் கிடையாது. அது தெரியாதவர்போல அவர் மதிலோடு ஒட்டிக் காலை நீட்டி இருந்தார். முகம் சுட்ட செங்கல் நிறம். தொட்டேன். வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது.

"மாமா, என்னைத் தெரிகிறதா?"

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஆனால் என்னைத் தெரியவில்லை. இத்தனை வருடமாக ஒரு மேசையில் சாப்பிட்ட மனிதரின் கண்ணில் நான் இல்லை. பிறகு அவர் பேசத் தொடங்கினார். ஆங்கிலம் இல்லை. அவர்களுடைய ஐரிஷ் மொழி. வீதிப் பலகைகளில் எழுத்தாகப் பார்த்த மொழிதான். அவர் அதைப் பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

தீவு வைத்தியசாலை சின்னது. ஒரு நீண்ட விறாந்தை, சில கட்டில்கள், சுழலும் ஆனால் காற்று வராத மின்விசிறி. டொக்டர் வயதில் குறைந்தவர், ஊர் பருத்தித்துறைப் பக்கம். ஈரத் துணியை அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கச் சொன்னார். சேலைன் ஏற்றினார். ஒரு மணித்தியாலத்துக்குள் மாமா ஊசியைப் பிடுங்கி எறிந்தார். படுக்கை விரிப்பில் இரத்தம் தெறித்தது. மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி திரும்பவும் ஏற்றினாள். திரும்பவும் பிடுங்கினார். கையைக் கட்டிவைக்கப் பார்த்தபோது அவர் போட்ட கூச்சலில் அடுத்த கட்டில் கிழவி எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டாள்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"அக்கா, உடம்பிலை உப்பும் தண்ணியும் சரியாக் குறைஞ்சுபோச்சு. சூடு மூளையைத் தாக்கியிருக்கு. இப்ப நரம்பும் பிடிபடுதில்லை. வாயாலயெண்டாலும் குடிக்கோணும். குடிக்காட்டி சிறுநீரகம் நிண்டுபோம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறதுதான் நல்லது."

"இப்பவே அனுப்புங்கோ டொக்டர்."

அவர் பனைகளைக் காட்டினார். ஓலை எல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தன.

"சோளகம் எழும்பிட்டுது. இந்தக் கடலிலை ஏத்தினால் அவர் அங்கை போய்ச் சேரமாட்டார். காத்து விழட்டும்."

மாமாவின் வாயில் தண்ணீரை வைத்தால் துப்பினார். இளநீரைக் கையால் தட்டிவிட்டார். ஜீவனி உப்புத்தூள் கரைத்த தண்ணீரை வாயில் வைத்து, பிறகு என் சட்டைமீது உமிழ்ந்தார். இடையிடையே ஒரே சொல்லைச் சொன்னார். கெஞ்சுவதுபோல, பிறகு கோபத்தோடு, பிறகு களைத்துப்போய்.

"பன்ய கிளாபர். பன்ய கிளாபர்."

அக்கா காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"பாணி கேக்கிறார் போல, வதனி. பனம்பாணி."

அத்தான் போய் இனிப்புப் பாணிப் போத்தலோடு வந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தோம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மிஸ்ஸி, "பனங்கள்ளு கேக்கிறாரோ? அவையள் குடிக்கிற ஆக்கள்தானே," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

ஈமனுக்குப் போன் எடுத்தேன். லைன் விட்டு விட்டு வந்தது. வைத்தியசாலைக் கிணற்றடியில் நின்றால் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"அப்பா ஐரிஷ் பேசுகிறாரா?" என்று கேட்டான்.

"அதை மட்டும்தான் பேசுகிறார்."

"எங்களோடு ஒருநாளும் பேசினதில்லை," என்றான். "பன்ய என்றால் பால். பள்ளிக்கூடத்தில் படித்தேன். மற்றது தெரியாது. கிளாபர் என்றால் சேறு என்று நினைக்கிறேன்."

சேற்றுப் பால். எனக்கு அழுகை வந்தது. பால் என்றாவது தெரிந்ததே என்று உள்ளே ஓடினேன். அத்தான் கொண்டுவந்த பாலை ஆற்றி வாயில் வைத்தோம். இரண்டு மடக்கு குடித்தார். எல்லோரும் மூச்சு விட்டோம். மூன்றாம் மடக்கில் முழுவதையும் சத்தியெடுத்தார். உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சமும் அதோடு போயிற்று.

அந்த இரவைப் பற்றி எழுத ஏதும் இல்லை. விடிந்தது. காற்று விழவில்லை.

காலையில் மாமாவின் உதடு வெடித்திருந்தது. சத்தம் போடுவதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கையை எடுத்து வைத்தால் வைத்தபடி கிடந்தது. டொக்டர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். இரவு முழுக்க ஒரு விரல் அளவுகூடச் சிறுநீர் போகவில்லை. காலில் ஒரு நரம்பைப் பிடித்துச் சேலைன் ஏற்றினார். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. கடற்கரைக்குப் போன அத்தான் திரும்பிவந்து தலையை அசைத்தார். படகு இல்லை.

நான் கட்டிலடியில் இருந்தேன். மனம் கண்டபடி ஓடியது. இவரை இங்கே புதைப்பதா, எரிப்பதா? எந்தப் பாதிரியாரைக் கூப்பிடுவது? ஈமனின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இந்த எண்ணங்களுக்கு நடுவே இன்னொன்று வந்து நின்றது. அதை யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் நானும் கால்வேயில் ஒரு கட்டிலில் இப்படிக் கிடப்பேன். என் ஆங்கிலம் எல்லாம் கழன்று போயிருக்கும். தமிழில் ஏதோ ஒன்றைக் கேட்பேன். என்னைச் சுற்றி நிற்பவர்கள் அன்பாகக் குனிந்து, காதை என் வாயருகே வைத்து, ஒன்றும் விளங்காமல் நிமிர்வார்கள்.

மத்தியானம் போன் அடித்தது. அங்கே அப்போது காலை ஏழரை இருக்கும். கிணற்றடிக்கு ஓடினேன்.

"மைக்கலைப் பிடித்துவிட்டேன்," என்றான் ஈமன். மைக்கல் மாமாவின் அண்ணன் மகன். மாமா பிறந்த தீவிலேயே இருப்பவர், மீன்பிடிப் படகுக்காரர். "நேற்று முழுக்கக் கடலில் இருந்தானாம். இப்போதுதான் கரைக்கு வந்தான். கேள், அது சேறு இல்லை. புளித்த பால். தானாகப் புளித்துக் கட்டியான பால். முந்தி எல்லா வீட்டிலும் யன்னலடியில் மூடி வைத்திருப்பார்களாம். வைக்கோல் வெட்டுகிற காலத்தில் வயலில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்களாம்."

"தயிரா?"

"உங்கள் தயிர் மாதிரித்தான் இருக்கும் போல. அப்பா வைக்கோல் வயலில் நிற்கிறார், வதனி. தாகத்துக்குக் கேட்கிறார்."

நான் ஓடியபோது செருப்பு ஒன்று கிணற்றடியிலேயே நின்றுவிட்டது.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியசாலை விறாந்தையில் நின்று, குரலை அடக்கி, என்னோடு சண்டை பிடித்தாள்.

"உனக்கென்ன விசரோ? காய்ச்சலோடை கிடக்கிற மனிசனுக்குத் தயிரோ? சளி கட்டிப்போடும். நேற்றுப் பாலே தங்கேல்லை."

"அவர் கேக்கிறார், அக்கா."

"கேட்டாப்போலை? அவர் செத்துப்போனால் என்ர வீட்டுத் தயிர் குடிச்சுச் செத்ததெண்டுதானே சொல்லுவினம். உன்ர மனிசனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

அப்போதுதான் விளங்கியது, என்னைவிட அவள் பயந்துபோய் இருந்தாள். அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவள் குசினியில் இருந்தபோது காணாமல் போனவர்.

டொக்டரிடம் போனோம். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"தண்ணி விட்டு, உப்புப் போட்டு, மோராக் குடுங்கோ. கரண்டி கரண்டியா. இருமினால் உடனை நிப்பாட்டோணும். தயிராலை வாற பிரச்சினையைப் பிறகு பாப்பம். குடிக்காமல் விட்டால் பிறகெண்டு ஒண்டில்லை."

அத்தான் அதற்குள் தயிர் எடுக்க வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வரும் வழியில் லாண்ட்மாஸ்டரின் பட்டி அறுந்ததாம். சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓடி வந்தார். மூடியைத் திறந்தபோது தயிர் உடைந்து நீர் விட்டிருந்தது. அக்கா அதை ஒரு கோப்பையில் எடுத்து, தண்ணீர் விட்டு, உப்பைப் போட்டுக் கையால் கரைத்தாள். கரண்டியை என்னிடம் தரவில்லை. தானே கட்டிலில் ஏறி இருந்து, மாமாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, முதல் கரண்டியை உதட்டுக்குள் விட்டாள்.

வாய் ஓரத்தால் வழிந்தது.

இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதை விட்டபோது அவருடைய நாக்கு அசைந்தது. உதட்டை ஒருதரம் நக்கினார். நெற்றி சுருங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அடுத்த கரண்டிக்கு வாய் தானாகத் திறந்தது.

கோப்பை பாதியானபோது மாமா கண்ணைத் திறந்தார். அக்காவின் முகத்தை வெகு கிட்டத்தில் பார்த்தார். ஐரிஷில் ஏதோ சொன்னார். பிறகு வாயைச் சப்புக்கொட்டி, பழைய பால் லொறிக்காரரின் குரலில், ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார்.

"இதை யாரோ காய்ச்சியிருக்கிறார்கள்."

நான் தமிழில் சொன்னேன். அக்கா திகைத்துப்போனாள்.

"காய்ச்சாமல் பின்னை? பச்சைப் பாலிலை ஆர் தயிர் போடுறது?"

இதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. நிலத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தேன். அத்தான் திரும்பி நின்று யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பின்னேரம் இன்னொரு கோப்பையும் உள்ளே போனது. இருட்டுமுன் போத்தலில் சிறுநீர் வந்தது. கடும் மஞ்சள், கொஞ்சம்தான். டொக்டர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த விதத்தைப் பார்த்தால் ஏதோ விலையுயர்ந்த திரவம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவர் எங்களைச் சந்தோசப்பட விடவில்லை. "இன்னும் தாண்டேல்லை. யாழ்ப்பாணம் போகத்தான் வேணும்," என்றார்.

ஐந்தாம் நாள் விடியலில் பனை ஓலைகள் ஓய்ந்திருந்தன. நோயாளியை ஏற்றும் படகில் மாமாவைக் கிடத்தினார்கள். அக்கா ஒரு போத்தல் மோரை என் பையில் திணித்தாள். "மெத்தப் புளிக்கேல்லை. வழியிலை குடு," என்றாள். படகு விலகியபோதும் அவள் துறையில் நின்றாள். கடல் அன்று அமைதிதான். ஆனாலும் ஒவ்வொரு சின்ன அலைக்கும் நான் அவருடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. யாழ்ப்பாணம் வரை பாலங்களும் உப்புத் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் மனதில் பதியவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் தேறினார். மெதுவாக. சிறுநீரில் கிருமி இருந்தது, அதற்கும் மருந்து ஏறியது. இரண்டு நாளில் ஈமன் வந்து சேர்ந்தான். தகப்பனும் மகனும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய வழக்கம் அப்படித்தான்.

மாமாவுக்கு மதிலடிக்குப் பிறகு நடந்த ஒன்றும் நினைவில்லை. ஐரிஷ் பேசியதாகச் சொன்னபோது நம்பவில்லை. ஈமன் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்து, "பன்ய கிளாபர்," என்றான்.

மாமா அவனைப் பார்த்தார்.

"அப்படி இல்லை," என்றார். "நீ பள்ளிக்கூடத்து மாதிரிச் சொல்கிறாய். கிளாஆபர். வாயைத் திற."

ஈமன் வாயைத் திறந்து திரும்பச் சொன்னான். சரிவரவில்லை. இன்னொரு தரம் சொன்னான். மாமா சிரித்தார். பிறகு அந்தப் பாலைப் பற்றிச் சொன்னார். கறந்த பாலைக் காய்ச்சாமல், உறையும் விடாமல், ஒரு துணியால் மூடி வைத்துவிடுவார்களாம். அதற்குள் இருப்பதே அதைப் புளிக்க வைக்கும். குளிர் நாட்களில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்குச் சேறு என்று சிலர் பொருள் சொல்வார்கள், வெண்ணெய் கடையும் மத்து என்று சிலர் சொல்வார்கள். அவருடைய தாய் எதுவும் சொன்னதில்லை. கோப்பையை நீட்டுவாராம், அவ்வளவுதான்.

"எங்களுக்கு ஏன் சொல்லித் தரவில்லை?" என்று ஈமன் கேட்டான்.

மாமா போர்வையின் ஓரத்தை நேராக்கினார்.

"நகரத்துக்கு வந்த முதல் கிழமை ஒரு கடையில் அதைக் கேட்டேன்," என்றார். "கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் எதையும் அந்தப் பேச்சில் கேட்கவில்லை."

நான் அவர்களை விட்டு வெளியே வந்தேன். விறாந்தை முடிவில் ஒரு வேப்பமரம். அதன் கீழ் நின்று ஓர்லாவுக்குப் போன் எடுத்தேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும். பேசுவது உடைந்து உடைந்து வரும். தாத்தா எப்படி என்று கேட்டாள். சொன்னேன். பிறகு என் வாயை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை.

"ஓர்லா, எனக்கும் ஒரு நாளைக்கு இப்பிடி வந்தால், நான் தமிழிலை கேட்டால், உனக்கு விளங்குமோ?"

அங்கே கடைக்குள் யாரோ பெட்டி இழுக்கும் சத்தம். அவள் வெளியே நடந்து வருவது கேட்டது.

"தண்ணி தெரியும், அம்மா," என்றாள். "தேத்தண்ணி தெரியும். சோறு, புட்டு, மருந்து எல்லாம் தெரியும். வேற என்ன கேப்பீங்கள்? இப்பவே சொல்லுங்கோ."

நான் யோசித்தேன். அம்மாவின் கை சமையலை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர், கூழ், பனங்கட்டி. கடைசியில் நான் கேட்கப்போவது இதுதான் என்று எதையும் சொல்ல முடியவில்லை. மாமாவிடம் போன மாதம் கேட்டிருந்தால் அவரும் வேறு எதையாவதுதான் சொல்லியிருப்பார்.

"அம்மா, லைன்ல இருக்கிறீங்களா?"

"ஓம், இருக்கிறன்," என்றேன்.